அலுவலகக் கணினியில் தமிழ்99 விசைப்பலகை வேண்டும். எதைத் திறந்தாலும் 'நிர்வாகி தடுத்திருக்கிறார்' என்கிறது

கோப்புக்கட்டு

வணக்கம். அலுவலகத்தில் விண்டோஸ் 11. சாதாரணப் பயனர் கணக்கு, அட்மின் கடவுச்சொல் கிடையாது. தமிழில் கடிதங்கள் அடிக்க வேண்டும்.

என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் நிறுவியைத் திறந்தால் அட்மின் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. சரி என்று, நிறுவாமலே ஜிப்பிலிருந்து நேராக ஓடும் வேறொரு தட்டச்சுச் செயலியை பென் டிரைவில் கொண்டுவந்தால், 'இந்தச் செயலியை உங்கள் நிர்வாகி தடுத்திருக்கிறார்' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருகிறது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எங்கே வைத்தாலும் அதே பதில்.

பிரிவில் ஒருவர் தமிழ்99 பழகியவர். இன்னொருவர் தட்டச்சுத் தேர்வு எழுதியவர், பழைய டைப்ரைட்டர் முறைதான் கைக்கு வரும். இது போக, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய வேர்டு கோப்புகள் ஏராளம் இருக்கின்றன. அவற்றையும் யூனிகோடாக்க வேண்டும்.

கோப்பின் பெயரை மாற்றினால் ஓடுமா? வேறு வழி உண்டா?

பூட்டும்சாவியும்

பெயரை மாற்றினால் ஓடாது. காரணம் தெரிந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்பதும் தெளிவாகிவிடும்.

உங்களிடம் இருப்பது ஒரு பூட்டு இல்லை, இரண்டு. நிறுவி அட்மின் கடவுச்சொல் கேட்பது யுஏசி, அதாவது விண்டோஸின் பயனர் கணக்குக் கட்டுப்பாடு. புரோகிராம் ஃபைல்ஸ் அடைவிலும் கணினி முழுமைக்குமான ரெஜிஸ்ட்ரியிலும் எழுத சாதாரணக் கணக்குக்கு உரிமையில்லை என்பது மட்டுமே அதன் பொருள். செயலி நல்லதா கெட்டதா என்று அது பார்ப்பதே இல்லை.

பென் டிரைவ் செயலியைத் தடுத்தது வேறு. அந்த வாசகம் பெரும்பாலும் ஆப்லாக்கருடையது. எந்தச் செயலி ஓடலாம் என்று நிர்வாகி விதி போடும் விண்டோஸ் வசதி அது. விண்டோஸ் 7 காலத்தில் வந்தது. அதன் இயல்பு விதிகள் இரண்டே வரி: விண்டோஸ் அடைவிலும் புரோகிராம் ஃபைல்ஸ் அடைவிலும் இருப்பதை யாரும் ஓட்டலாம்; மற்ற இடங்களில் இருப்பதை அட்மின் மட்டும் ஓட்டலாம். டெஸ்க்டாப்பானாலும் டவுன்லோட்ஸானாலும் பென் டிரைவானாலும் ஒரே பதில் வந்தது இதனால்தான். அட்மின் கேட்காமல் ஆப்டேட்டா என்ற பயனரின் சொந்த அடைவுக்குள் உட்கார்ந்துகொள்ளும் நிறுவிகள் யுஏசியைத் தாண்டிவிடும். ஆனால் ஆப்டேட்டாவும் அந்த இரண்டு அடைவுக்கு வெளியே என்பதால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

இந்த விதிகள் மூன்று வகை: பாதை, வெளியீட்டாளர் கையொப்பம், ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்). கோப்பின் பெயர் மாறினால் இந்த மூன்றில் எதுவும் உங்களுக்குச் சாதகமாக மாறாது.

எது தடுத்தது என்று உறுதிசெய்ய ஈவன்ட் வியூவரை (விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் கருவி) திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஆப்லாக்கர் என்று இறங்கி, இஎக்ஸ்இ அண்ட் டிஎல்எல் என்ற பதிவைப் பாருங்கள். நிகழ்வு எண் 8004 என்றால் தடுக்கப்பட்டது. 8003 என்றால் கண்காணிப்பு மட்டும்: இப்போது ஓடவிட்டது, விதி முழுதாக அமலானால் தடுக்கும். எம்எஸ்ஐ நிறுவியோ ஸ்கிரிப்டோ தடுக்கப்பட்டால் பக்கத்துப் பதிவில் 8007 இருக்கும். ஆப்லாக்கரில் எதுவுமே இல்லையென்றால், ஈவன்ட் வியூவரின் அதே விண்டோஸ் கிளையில் கோட் இன்டெக்ரிட்டி, ஆபரேஷனல் பதிவில் 3077 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது டபிள்யூடிஏசி (விண்டோஸ் டிஃபெண்டர் அப்ளிகேஷன் கன்ட்ரோல்), இன்னும் கடுமையான பூட்டு. உங்கள் கணக்கில் பதிவே திறக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பெட்டியின் படத்தையும் நேரத்தையும் குறித்துவைத்தால் போதும். ஐடி பிரிவு அந்த நேரத்தை வைத்தே தேடி எடுத்துவிடும்.

விசைமுகம்

பூட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டார். தமிழ்99-ஐப் பொறுத்தவரை நீங்கள் எதையும் இறக்கவே தேவையில்லை. விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, அட்மின் உரிமையும் வேண்டாம். மொழிப் பட்டியல் ஒவ்வொரு பயனர் கணக்கிலும் தனியாகச் சேமிக்கப்படுவதால் சாதாரணக் கணக்கே போதும்.

செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று போங்கள். ஆட் எ லாங்குவேஜ் அழுத்தித் தமிழ் (இந்தியா) தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் லாங்குவேஜ் பேக், பேச்சு, கையெழுத்து என்று இருக்கும் எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். முக்கியமாக 'விண்டோஸ் காட்சி மொழியாக அமை' என்ற குறி. பல அலுவலகங்களில் விண்டோஸ் அப்டேட் உள் சேவையகத்துக்குத் திருப்பப்பட்டிருக்கும். லாங்குவேஜ் பேக் இறங்காமல் பிழை காட்டும். அதைப் பார்த்து 'தமிழே வராது' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விசைப்பலகைகள் ஏற்கனவே வட்டில் இருப்பவை. அந்தப் பிழைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

பிறகு பட்டியலில் தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளி, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், ஆட் எ கீபோர்டு. வெறுமனே 'தமிழ்' என்று இருப்பது இன்ஸ்கிரிப்ட் என்ற வேறு விசை அமைப்பு. அது பலரைக் குழப்பும். உங்களுக்கு வேண்டியது 'தமிழ் 99'. அஞ்சல் முறை (ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டுவது) பழகியவர்களுக்கு 'தமிழ் அஞ்சல்' அதே பட்டியலில் இருக்கிறது. சேர்த்த பின் இன்ஸ்கிரிப்டை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் மாற்றும்போதெல்லாம் அது நடுவில் வரும். மாற்றுவதற்கு விண்டோஸ் விசையும் ஸ்பேஸும்.

சேர்த்ததும் முதலில் நோட்பேடில் இதைச் சோதியுங்கள். எச் விசையை இரண்டு முறை அழுத்துங்கள். 'க்க' வந்தால் தானாகப் புள்ளி வைக்கும் விதி வேலை செய்கிறது. 'கக' என்றே நின்றால் நடுவில் எஃப் விசையை அழுத்திப் புள்ளியை நீங்களே வைக்க வேண்டும். அடுத்து பி விசையும் எச் விசையும்: 'ங்க' வர வேண்டும். தானியங்கிப் புள்ளி இருக்கும்போது 'ககரம்' என்ற சொல்லைப் போல இரண்டு க புள்ளியில்லாமல் அடுத்தடுத்து வர வேண்டிய இடத்தில், நடுவே ஆங்கில ஏ (A) விசையால் ஓர் அகரம் தட்டினால் புள்ளி விழாது. ஷிஃப்ட்டோடு எஃப் அழுத்தினால் ஆய்தம். ஸ, ஷ, ஜ, ஹ ஷிஃப்ட்டோடு மேல் வரிசையின் இடப்பக்கம்.

இரண்டு எச்சரிக்கை. ஆங்கிலம் பட்டியலில் முதலில் இருக்கட்டும். தமிழ் முதலில் வந்துவிட்டால் கடவுச்சொல் பெட்டியில் தமிழ் எழுத்து போய், சில தவறான முயற்சியில் கணக்கே பூட்டிக்கொள்ளலாம். அடுத்தது, இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து தவறுதலாகப் பட்டாலும் மொழி மாறிவிடும். டைப்பிங் அமைப்பில், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் 'ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறை' என்று ஒரு குறி இருக்கிறது. வேர்டில் தமிழ், எக்செலில் ஆங்கிலம் என்று வேலை செய்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டால் பாதிப் பிழை குறையும்.

செட்டிங்ஸில் அந்தப் பக்கமே தெரியவில்லை என்றால் குழுக் கொள்கையால் (நிர்வாகி எல்லாக் கணினிக்கும் சேர்த்துப் போடும் அமைப்பு) மறைத்திருக்கிறார்கள். அப்போது ஐடி பிரிவிடம் 'தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துத் தாருங்கள்' என்று ஒரு வரி எழுதினால் போதும். வெளி மென்பொருள் எதுவும் இல்லாததால் மறுக்கக் காரணம் இருக்காது.

வேகக்கை

இவ்வளவு சுற்றுவது ஏன்? விண்டோஸ் அடைவுக்குள்ளேயே சாதாரணப் பயனர் எழுதக்கூடிய துணை அடைவுகள் இருக்கின்றன. செயலியை அங்கே போட்டால் ஆப்லாக்கர் விட்டுவிடும்.

பூட்டும்சாவியும்

வேகக்கை, தயவுசெய்து இதைப் பரிந்துரைக்காதீர்கள். விதிகளைக் கவனமாக எழுதிய இடங்களில் அந்தத் துணை அடைவுகளை விலக்கு போட்டு அடைத்திருப்பார்கள். அடைக்காத இடத்தில் ஓடிவிடும், உண்மைதான். ஆனால் விண்டோஸ் அடைவுக்குள் புதிதாக ஒரு இஎக்ஸ்இ முளைத்து, அது விசைகளை இடைமறிக்கிறது என்றால், பாதுகாப்பு மென்பொருளின் கண்ணில் அது தீநிரல் நுழைந்ததற்கான அடையாளம். கணினியைப் பிணையத்திலிருந்து துண்டித்துவிட்டு அப்புறம்தான் கேள்வி கேட்பார்கள்.

விசை இடைமறிப்பு என்பதை விளக்கிவிடுகிறேன், ஐடி பிரிவு ஏன் தயங்குகிறது என்பதன் வேர் அதுதான். வெளித் தட்டச்சுச் செயலி பொதுவாக எப்படி வேலை செய்கிறது? நீங்கள் எச் அழுத்துகிறீர்கள். அது வேர்டுக்குப் போய்ச் சேரும் முன்பே செயலி பிடித்து, விழுங்கி, பதிலுக்கு 'க' அனுப்புகிறது. எந்தச் சாளரம் முன்னால் இருந்தாலும் இப்படித்தான், வங்கித் தளத்தின் கடவுச்சொல் பெட்டி உட்பட. கடவுச்சொல் திருடும் கீலாக்கர் உட்காருவதும் இதே இடத்தில்தான். நேர்மையான செயலிக்கும் திருட்டுச் செயலிக்கும் வெளியிலிருந்து பார்த்தால் நடத்தையில் வேறுபாடு தெரியாது. எந்தத் தளத்திலிருந்து எடுத்தோம் என்றே நினைவில்லாத ஜிப் கோப்பை இந்த இடத்தில் உட்கார வைக்கலாமா என்று யோசியுங்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு முழுக்க 'உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி' என்ற சொல்லைச் சுற்றியே எழுதப்பட்டது. அந்தக் கணினி நம்முடையது இல்லை. நல்ல நோக்கத்தோடு பூட்டைத் தாண்டினேன் என்பது ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் எடுபடாது.

கோப்புக்கட்டு

நன்றி. பார்த்தேன், 8004 தான். தமிழ் 99 சேர்த்துவிட்டேன், எச் இரண்டு முறை அடித்தால் 'க்க' வருகிறது. மிக்க மகிழ்ச்சி.

மீதி இரண்டு இருக்கிறது. டைப்ரைட்டர் முறை அந்தப் பட்டியலில் இல்லை. குரோமில் கூகுள் இன்புட் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டுச் சமாளிக்கலாமா? வானவில் கோப்புகளுக்கு இணையத்தில் மாற்றித் தரும் பக்கங்கள் இருக்கின்றன, அதில் ஒட்டி எடுக்கலாமா?

விசைமுகம்

நீட்சி வேண்டாம். அதன் ஒலிபெயர்ப்பு முறையில் நீங்கள் தட்டுவது வெளிச் சேவையகத்துக்குப் போய்த்தான் தமிழாகித் திரும்புகிறது. அதோடு அது உலாவிக்குள் மட்டுமே வேலை செய்யும், வேர்டுக்கு உதவாது. பெரும்பாலான அலுவலகங்களில் நீட்சிகளும் கொள்கையால் தடுக்கப்பட்டிருக்கும்.

டைப்ரைட்டர் முறை விண்டோஸில் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. பழைய பொறியில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. தாளில் இடமிருந்து வலமாக எது தெரிகிறதோ அந்த வரிசை. யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. ஆக, விசைக்கு எழுத்து என்று ஒன்றுக்கொன்று பொருத்தும் சாதாரண விசைப்பலகைக் கோப்பால் இது முடியாது. கொம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்து வந்ததும் இடம் மாற்றி, கால் வருகிறதா என்று பார்த்துச் சேர்க்கும் செயலி வேண்டும். எனவே உங்கள் சகப் பணியாளருக்கு வெளி மென்பொருள் உண்மையிலேயே தேவை. தேவை உண்மையானது என்பதால் முறையாகக் கேட்டு வாங்குவதுதான் சரி. தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் தளத்தில் விசைப்பலகை, எழுத்துரு, குறியாக்க மாற்றி மூன்றையும் இலவசமாகத் தருகிறது. அரசு அமைப்பின் வெளியீடு என்பதால் ஒப்புதல் கேட்க அதுவே நல்ல தொடக்கம்.

பூட்டும்சாவியும்

கேட்கும் முன் ஒன்று: கம்பெனி போர்ட்டல் அல்லது சாஃப்ட்வேர் சென்டர் என்று, ஐடி பிரிவு ஒப்புதல் தந்த மென்பொருள்களை வைக்கும் இடம் ஏதாவது உங்கள் ஸ்டார்ட் மெனுவில் இருந்தால் திறந்து பாருங்கள். வேறு பிரிவு யாராவது முன்பே கேட்டு வாங்கி, அங்கே தயாராக இருக்கலாம்.

இல்லையென்றால் எழுதுங்கள். 'தமிழ் சாஃப்ட்வேர் வேண்டும்' என்ற ஒரு வரி விண்ணப்பம் வாரக்கணக்கில் கிடக்கும், ஏனென்றால் அதைப் பெறுபவர் மேற்கொண்டு பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். அந்தப் பத்துக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிட வேண்டும். இப்படி:

'பொருள்: தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகை மென்பொருள் நிறுவ ஒப்புதல். தேவை: யூனிகோடில் தமிழ்க் கடிதம் தட்டச்சு. பயனர்: ஒருவர், கணினி ஒன்று, சொத்து எண் இன்னது. மென்பொருளின் பெயர், பதிப்பு எண், வெளியீட்டாளர், அதிகாரபூர்வ இறக்கப் பக்கம் இன்னவை. டிஜிட்டல் கையொப்பம்: உண்டு அல்லது இல்லை. நிறுவிய பின் இணையத் தொடர்பு தேவையில்லை. விண்டோஸின் சொந்த விசைப்பலகைகளைப் பார்த்தோம். தமிழ் 99 பயன்பாட்டில் உள்ளது, டைப்ரைட்டர் முறை அதில் இல்லை. தடுக்கப்பட்ட நிகழ்வு எண் 8004, நாள், நேரம் இன்னவை. புரோகிராம் ஃபைல்ஸ் அடைவில் தாங்களே நிறுவித் தரவும்.'

கடைசி வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம். அவர்கள் புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவினால், ஏற்கனவே உள்ள பாதை விதியே அதை அனுமதிக்கும்; புது விதி எழுத வேண்டியதில்லை. பயனர் அடைவிலேயே இருக்கட்டும் என்றால் கையொப்ப விதியோ ஹாஷ் விதியோ எழுத வேண்டும். கையொப்பம் இல்லாத செயலிக்கு ஹாஷ் ஒன்றுதான் வழி. ஹாஷ் விதி புதிய பதிப்பு வந்த அன்றே செல்லாமல் போகும், பயனர் மறுபடி வந்து நிற்பார். அந்தச் சுமைக்குத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள்.

கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்க: கோப்பில் வலச்சொடுக்கு, புராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவல். தாவலே இல்லையென்றால் கையொப்பம் இல்லை. விண்ணப்பத்தில் நீங்களே எஸ்எச்ஏ256 ஹாஷ் கணக்கிட்டுத் தர வேண்டாம். இஎக்ஸ்இ கோப்புகளுக்கு ஆப்லாக்கர் எடுப்பது ஆத்தென்டிகோட் என்ற மைக்ரோசாஃப்ட் கையொப்ப முறையின் ஹாஷ். சாதாரணக் கருவிகள் தரும் எண்ணோடு அது பொருந்தாது. இரண்டு பக்கமும் வேறு வேறு எண்ணை வைத்துக்கொண்டு வீணாகக் குழம்புவீர்கள். இறக்கப் பக்கத்தின் முகவரி போதும்.

பழையஎழுத்து

வானவில் மாற்றம் பற்றி நான் சொல்கிறேன். இணையப் பக்கத்தில் அலுவலகக் கடிதத்தை ஒட்டாதீர்கள். பெயர், முகவரி, தொகை எல்லாம் வெளியே போகும். கணினிக்குள்ளேயே மாற்றும் கருவியை மேலே சொன்ன விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேளுங்கள். வானவில் எழுத்துருவையும் சேர்த்தே. எழுத்துருவைச் சாதாரணக் கணக்கிலும் வலச்சொடுக்கி நிறுவ முடியும், ஆனால் அது பயனர் அடைவுக்குள் போய் உட்காரும். விண்டோஸ் ஃபான்ட்ஸ் அடைவுக்கு வெளியே உள்ள எழுத்துருக்களைத் தடுக்கும் கொள்கை ஒன்று உண்டு. அது இருந்தால் நிறுவியது போலத் தெரியும், வேர்டில் மட்டும் ஆங்கிலக் குப்பையாகவே நிற்கும்.

எந்தக் கருவி கிடைத்தாலும், முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். நடுவில் ஏரியல் எழுத்துருவில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால், கருவிக்கு அதுவும் தமிழ்தான், மாற்றிச் சிதைத்துவிடும். வேர்டில் கன்ட்ரோலும் எச்சும், மோர், ஃபார்மேட், ஃபான்ட் என்று போய் வானவில் எழுத்துருவை மட்டும் தேடி, அந்தப் பகுதிகளை மட்டும் மாற்ற வேண்டும்.

ஆயிரம் கோப்பில் கைவைக்கும் முன் இந்த ஒரு வரியை வானவில்லில் அடித்து மாற்றிப் பாருங்கள்: 'ஸ்ரீ கௌரியார் 1998-இல் ரூ. 4,500/- கொடுத்தார், ஐயமில்லை.' இதில் கருவிகள் வழக்கமாகத் தவறும் இடங்கள் எல்லாம் இருக்கின்றன.

'கௌ'வைப் பாருங்கள். ஔகாரக் குறியும், கொம்போடு வரும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றே. மாற்றியபின் உள்ளே 'கெ', 'ள' என்று இரண்டெழுத்தாக இருந்தால் பார்க்கச் சரியாக இருக்கும், தேடினால் கிடைக்காது. 'தார்' என்பதில் கடைசி எழுத்து ரகரமா, காலின் மேல் புள்ளியா? பழைய தட்டச்சில் பலரும் 'ர்' வேண்டிய இடத்தில் காலை அடித்துப் புள்ளி வைத்திருப்பார்கள். தாளில் வேறுபாடே தெரியாது. யூனிகோடில் அது தனிக் காலாக, புள்ளி வட்டத்தோடு உடைந்து நிற்கும். இந்தப் பிழை கருவியுடையதல்ல, மூலக் கோப்பினுடையது. எனவே மாற்றிய பிறகு 'கால், புள்ளி' இணையைத் தேடி 'ர்' என்று மாற்றும் ஒரு சுற்று கட்டாயம். இரண்டு காலும் ஒரு புள்ளியும் வரும் 'தார்' போன்றவற்றில் இரண்டாவது காலை மட்டுமே மாற்ற வேண்டும். 'கொ'விலும் இதே தொல்லை: ஒரே குறியாகவும் வரும், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரும். திரையில் ஒன்று, தேடலில் வேறு. தனித்தனியாக உள்ளவற்றை ஒரே குறியாக மாற்றிவிடுங்கள்.

மாற்றியதை நிர்மலா யுஐ எழுத்துருவில் வைத்துச் சரிபாருங்கள், அது விண்டோஸிலேயே இருக்கிறது. மூலக் கோப்பை அழிக்காமல், பெயரில் 'யூனிகோடு' என்று சேர்த்துப் பக்கத்திலேயே சேமியுங்கள். வேர்டு மேக்ரோவாகக் கிடைக்கும் மாற்றிகளையும் நம்பியிருக்க வேண்டாம். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பின் மேக்ரோவை ஆஃபிஸே இப்போது இயல்பாகத் தடுத்துவிடுகிறது.

கோப்புக்கட்டு

விண்ணப்பத்தை அப்படியே எழுதி, மாற்றியையும் எழுத்துருவையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். கூடுதலாக ஒன்று: சில நாள் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை. அங்கே தமிழ் 99 காணவில்லை.

விசைமுகம்

ரிமோட் அமர்வு பொதுவாக உங்கள் வீட்டுக் கணினியின் விசைப்பலகைப் பட்டியலைத்தான் எடுத்துக்கொள்ளும். வீட்டுக் கணினியிலும் தமிழ் 99 சேர்த்து, ரிமோட் அமர்விலிருந்து சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே போங்கள். சாளரத்தை வெறுமனே மூடித் திறந்தால் பழைய அமர்வே தொடரும், பட்டியல் மாறாது. விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் வீட்டுக் கணினியிலேயே மொழியை மாற்றினால், ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புத் திரையில் ஷோ ஆப்ஷன்ஸ், லோக்கல் ரிசோர்சஸ் போய், விண்டோஸ் விசைச் சேர்க்கைகளை 'ரிமோட் கணினிக்கு' என்று வையுங்கள்.